கட்டு மாற்ற நாள் பார்க்கலாமா?

வண்டி சறுக்கி விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வழித்துக்கொண்டு போயிருந்தது. தையல் போடும் அளவுக்கு ஆழமில்லை. கழுவி, ஒட்டியிருந்த மண்ணையெல்லாம் எடுத்து, டெட்டனஸ் ஊசி போட்டு, காஸ் வைத்துச் சுற்றி, "டிரெஸ்ஸிங் மாத்திக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று அவர்களும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து நானாக ஒரு கணக்குப் போட்டேன். அடிக்கடி மாற்றினால் சுத்தமாக இருக்கும், சுத்தமாக இருந்தால் சீக்கிரம் ஆறும். காலையில் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை. நடுவில் ஆர்வம் தாங்காமல் ஓரத்தைத் தூக்கி எட்டிப் பார்த்தது தனி. ஒவ்வொரு முறையும் பஞ்சில் ஹைட்ரஜன் பெராக்சைடை நனைத்து வைத்து, அது நுரைத்துப் பொங்குவதைப் பார்த்து, கிருமியெல்லாம் ஒழிந்தது என்று ஒரு திருப்தி வேறு.

ஒன்பதாம் நாள் காலை நடந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. காஸ் காய்ந்து அட்டை மாதிரி விறைத்து, அதன் பின்னல் அப்படியே புண்ணுக்குள் இறங்கி ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு ஊறவைக்கப் பொறுமையில்லை, ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. ஒரு மூலையைப் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். வந்தது. துணியின் அடியில் ஈரமான மெல்லிய ஏடு போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. புண்ணைப் பார்த்தால் நூல் கட்டம் கட்டமாக எங்கெங்கே பதிந்திருந்ததோ அங்கெல்லாம் ஊசிமுனை அளவுக்கு ரத்தம் துளிர்க்கிறது. அந்த ஏடுதான் புதுத் தோல் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பத்து நாள் ஆகியும் ஆறவில்லையே என்று திரும்பப் போய்க் காட்டினேன். கட்டுப் போடும் அறையில் இருந்த சிஸ்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தினம் எத்தனை தடவை பிரிக்கிறீங்க?" என்றார். ரெண்டு தடவை என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "நேத்து வளர்ந்ததை இன்னைக்குப் பிய்ச்சு எடுத்தா அது எப்படிங்க ஆறும்?"

அவர் செய்தது பெரிய வைத்தியம் ஒன்றுமில்லை. பெராக்சைடை நிறுத்தச் சொன்னார். உப்புக்கரைசலை, அதாவது சலைனை, ஊற்றிக் கழுவி, பாரஃபின் தடவிய வலைத்துணி ஒன்றைப் புண்ணின் மேல் பரப்பி, அதன்மேல் பஞ்சுப் பட்டை வைத்துக் கட்டினார். நனைந்து வெளியே தெரிந்தாலொழிய மூன்று நாளைக்குத் தொடக்கூடாது, மேலே தெரியாவிட்டால் உள்ளேயும் பார்க்க வேண்டியதில்லை என்றார். அந்த மூன்று நாள் நான் பட்ட பாடு! சோற்றுக்கு இல்லாத தவிப்பெல்லாம் அந்தக் கட்டைத் திறந்து பார்க்க வேண்டும் என்று இருந்தது. நான்காம் நாள் பிரித்தபோது வலைத்துணி வழுக்கிக்கொண்டு வந்தது. ஓரங்களிலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு கரை உள்ளே நகர்ந்து வந்திருந்தது. பத்து நாளில் நான் பார்க்காததை அந்த மூன்று நாளில் பார்த்தேன்.

புண் காய்ந்தால்தான் ஆறும், காற்றாட விட வேண்டும் என்பதுதானே நாமெல்லாம் கேட்டு வளர்ந்தது. ஜார்ஜ் விண்டர் என்பவர் 1962இல் பன்றிகளின் முதுகில் மேலோட்டமான சிறு காயங்கள் ஏற்படுத்தி, சிலவற்றைத் திறந்து விட்டு, சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடிப் பார்த்தார். மூடி ஈரமாக வைத்த காயங்களில் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. காரணம் யோசித்தால் எளிமையானது. காயம் காய்ந்தால் மேலே பொருக்குக் கட்டும். ஓரத்திலிருந்து கிளம்பும் தோல் செல்கள் அந்தப் பொருக்குக்கு அடியில் ஈரம் எங்கே இருக்கிறது என்று குடைந்துகொண்டு போக வேண்டியிருக்கும். ஈரமாக இருந்தால் நேராக மேற்பரப்பிலேயே வழுக்கிக்கொண்டு போய் எதிர்க்கரையைத் தொட்டுவிடும். ஈரம் என்றால் சொதசொதவென்று இல்லை, கண்ணுக்குள் இருக்கும் அளவு ஈரம்.

இன்னொன்றும் உண்டு, இதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். கட்டைப் பிரித்ததும் புண் குளிர்ந்துவிடுகிறது. மூடிய கட்டுக்குள் உடம்புச் சூட்டில் இருந்த இடம், திறந்து வைத்து, அதன்மேல் குளிர்ந்த திரவத்தையும் ஊற்றினால் சில டிகிரி இறங்கிவிடும். அந்தக் குளிர்ச்சியில் செல்கள் பிரிந்து பெருகும் வேலை மந்தமாகிறது, கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களும் சுணங்குகின்றன. மறுபடி மூடிய பிறகும் அது பழைய வேகத்துக்கு வரச் சில மணி நேரம் பிடிக்கும். ஆக, சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடுகிறேன் என்பது இலவசம் கிடையாது. சலைனைக் கையில் பிடித்துக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கிக்கொண்டு ஊற்றும் பழக்கம் எனக்கு அதற்குப் பிறகு வந்தது.

கட்டைத் தொடாமல் விடுவதில் எல்லைக்கே போன ஒருவரும் இருந்திருக்கிறார். ஸ்பெயின் உள்நாட்டுப் போர் நடந்தபோது, 1930களின் கடைசியில், பார்சிலோனாவில் ஜோசப் ட்ருவெட்டா என்ற அறுவை மருத்துவர் எலும்பு முறிந்து கிழிந்து கிடந்த காயங்களை நன்றாகக் கழுவி, செத்த சதையை எல்லாம் வெட்டி எடுத்து, உள்ளே காஸ் அடைத்து, மேலே மாவுக்கட்டுப் போட்டு, வாரக்கணக்கில் பிரிக்காமலே விட்டார். நாற்றம் தாங்க முடியாதாம். ஆனால் அப்படிச் சிகிச்சை பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் இறந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் ஒரு மாதம் கட்டைப் பிரிக்காமல் உட்கார்ந்துவிடக் கூடாது, அவருடைய வெற்றி மூடியதில் பாதி என்றால் மூடுவதற்கு முன் வெட்டிச் சுத்தம் செய்ததில் பாதி. அழுக்கை உள்ளே வைத்து மூடினால் அது வேறு கதை.

இப்படி நானாக ஒரு ஞானம் பெற்று, யார் கட்டைத் தொட்டாலும் "பிரிக்காதீங்க பிரிக்காதீங்க" என்று உபதேசம் செய்துகொண்டிருந்த காலத்தில்தான் அப்பாவின் குதிகால் வந்து என்னை உட்கார வைத்தது.

அப்பாவுக்கு நீண்ட நாள் சர்க்கரை. காலில் உணர்ச்சி குறைந்து போயிருந்ததால் குதிகால் வெடிப்பு புண்ணானதே அவருக்குத் தெரியவில்லை. தரையில் ஈரத்தடம் தெரிந்ததைப் பார்த்து நான்தான் கண்டுபிடித்தேன். சுற்றிலும் தடித்திருந்த தோலைச் சீவி, பஞ்சணை மாதிரி இருக்கும் ஃபோம் டிரெஸ்ஸிங் ஒட்டி, மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்கள். இரண்டாம் நாள் சாயங்காலமே கட்டின் ஒரு ஓரம் நனைந்து, போட்டிருந்த சாக்ஸில் மஞ்சளாக வட்டம் தெரிந்தது. மாற்றலாமா என்று கேட்டால், "மூணு நாள்னு டாக்டரே சொல்லியிருக்காரு, பேசாம இரும்மா" என்றார் அப்பா. நானும், திறந்தால் கெடும் என்ற என் புது ஞானத்தில், சரி என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் பிரித்தபோது புண்ணைச் சுற்றியிருந்த நல்ல தோல், ரொம்ப நேரம் துணி துவைத்த விரல்நுனி மாதிரி வெளுத்து, சுருங்கி, ஊறிப் போயிருந்தது. தொட்டால் கழன்று வந்தது. புண் முன்னைவிடக் கால் அங்குலம் அகலமாகிவிட்டது. "மூணு நாள்ங்கிறது அதிகபட்சம்ப்பா, நனைஞ்சா அன்னைக்கே மாத்தியிருக்கணும்" என்றார்கள். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நம்மிடம் சொல்லப்படும் நாள் கணக்கு எல்லாமே இப்படித்தான். கட்டு காய்ந்து, ஒட்டி, ஒழுகாமல் இருந்தால் அதுவரை விடலாம் என்று ஒரு மேல்வரம்பு அது. அந்த நிபந்தனை நம் காதுக்கு வந்து சேருவதில்லை, எண் மட்டும் வந்து சேருகிறது.

நீர் வெளிப்பக்கம் வரை வந்துவிட்டால் ஏன் காத்திருக்கக் கூடாது என்றால், அது உள்ளிருந்து வெளியே வந்த அதே ஈரத்தின் வழியாக வெளியிலிருக்கும் கிருமி உள்ளே போக வழி கிடைத்துவிடுகிறது. அதன்பிறகு அந்தக் கட்டு இருப்பதும் ஒன்றுதான் இல்லாததும் ஒன்றுதான். கறை ஓரத்தைத் தொடும் முன்பே, இன்னும் ஒரு விரல் அகலம் மிச்சமிருக்கும்போதே மாற்றிவிட வேண்டும்.

இதற்கு ஒரு நல்ல வழியை அங்கேயே கற்றுக்கொண்டேன். புதுக் கட்டுப் போட்டு மறுநாள் அதன்மேல் லேசாகக் கறை தெரிந்தால், அதன் விளிம்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் மணியும் எழுதிவிடுவது. அடுத்த முறை பார்க்கும்போது கறை கோட்டுக்குள்ளேயே நிற்கிறதா, தாண்டிவிட்டதா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். பிரிக்க வேண்டியதில்லை. அப்பா குதிகாலில் ஒரு சமயம் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டம் இருந்தது, வரைபடத்தில் மலை போடுவார்களே அந்த மாதிரி.

எந்தக் கட்டு என்பதைப் பொறுத்தும் கணக்கு மாறும். வெறும் காஸ் என்றால் தினம் ஒருமுறையாவது, நீர் அதிகமிருந்தால் இரண்டு முறைகூட. அதனால்தான் எனக்குக் காஸ் மேல் இவ்வளவு கோபம்: தினம் பிரித்தே ஆக வேண்டிய பொருள், ஒட்டிக்கொள்ளவும் செய்கிறது. ஃபோம் மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை தாங்கும். கண்ணாடி மாதிரி மெல்லிய படலமாக இருக்கும் ஃபிலிம், நீர் அதிகமில்லாத மேலோட்டக் காயத்தில் ஒரு வாரம் கூட அப்படியே இருக்கலாம், மேலிருந்தே உள்ளே பார்த்துக்கொள்ளலாம் என்பதால் என்னைப் போன்ற அவசரக்குடுக்கைகளுக்கு இதுதான் சரி. கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் நிறைய நீர் வரும் புண்ணுக்கு. முதலில் தினமும், நீர் குறையக் குறைய இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. அதையே காய்ந்த புண்ணில் வைத்தால் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு ஒட்டிக்கொள்ளும். ஆழமான புண்ணுக்குக் குழாய் வைத்து உறிஞ்சும் இயந்திரம் பொருத்துவார்களே, அதை வழக்கமாக இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அவர்களே மாற்றுவார்கள், நமக்கு அதில் வேலை இல்லை.

ஹைட்ரோகொலாய்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பலரைப் பயமுறுத்தியிருக்கிறது. தோல் நிறத்தில் ரப்பர் மாதிரி இருக்கும், மூன்று முதல் ஏழு நாள் வரை வைக்கலாம். புண்ணின் நீரை இழுத்துக் கூழாக மாற்றும் குணம் அதற்கு. பிரிக்கும்போது மஞ்சளாகக் கொழகொழவென்று ஒன்று வழியும், வாடையும் அடிக்கும். பார்த்தவுடன் சீழ் என்றுதான் யாருக்கும் தோன்றும். கழுவிப் பாருங்கள். கழுவிய பிறகு வாடை போய், அடியில் சிவப்பாக ஈரமாகப் புண் தெரிந்தால் அது கூழ். கழுவியும் நாற்றம் நிற்கிறது, சுற்றிலும் சூடாகச் சிவந்து வீங்கியிருக்கிறது என்றால் நிலைமை வேறு.

ஆபரேஷன் தையலுக்கு இந்தக் கணக்கெல்லாம் பெரும்பாலும் தேவைப்படாது. விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்த இடம் இரண்டு நாளில் மேலே ஒட்டி மூடிக்கொள்ளும். அதனால் நனையாமலும் கழலாமலும் இருந்தால் முதல் 48 மணி நேரம் அந்தக் கட்டைத் தொடவே வேண்டாம், அதற்குப் பிறகு வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழியக் குளிக்கலாம் என்பதுதான் பொதுவான வழக்கம். தொட்டியில் ஊறுவதும் நீந்துவதும் வேண்டாம். சிலர் தையல் பிரிக்கும் நாள் வரை தினமும் கட்டு மாற்றுகிறார்கள். காய்ந்து கிடக்கும் தையலுக்கு அது தேவையே இல்லை, உடை உரசாமல் இருக்க ஒரு சின்னப் பட்டை போதும்.

மாற்றும்போது செய்யும் தவறுகள்தான் மாற்றாமல் விடுவதைவிட அதிகம் கெடுக்கின்றன என்பது என் எண்ணம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது எல்லாரும் சொல்வது. ஆனால் பழைய கட்டைக் கழற்றிப் போட்ட பிறகு, புதியதைத் தொடும் முன் மறுபடி ஒருமுறை கழுவ வேண்டும், அதைத்தான் விட்டுவிடுகிறோம். ஒட்டியிருந்தால் சலைனையோ கொதித்து ஆறிய தண்ணீரையோ ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, மேல் நோக்கி இழுக்காமல் தோலோடு தோலாகப் படுக்கைவாட்டில் மெல்ல உரிக்க வேண்டும். வலி அதிகமென்றால், டாக்டர் கொடுத்திருக்கும் வலி மாத்திரையை அரைமணி நேரம் முன்பே போட்டுக்கொண்டு ஆரம்பிக்கலாம். துடைக்கும்போது பஞ்சு வேண்டாம், அதன் இழைகள் புண்ணில் தங்கிவிடும். அப்புறம் அந்த நுரைக்கும் பெராக்சைடு, அது கிருமியைக் கொல்லும்போது புதுச் சதையை உண்டாக்கும் செல்களையும் சேர்த்தே கொல்கிறது. பத்து நாள் இருபது தடவை நுரைக்க வைத்திருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் என் கால் மேல் பரிதாபம்தான் வருகிறது.

அப்பா விஷயத்தில் எங்களுக்கு மிகவும் உதவியது ஒரு காலண்டர். கட்டு மாற்றிய நாளிலெல்லாம் ஒரு புள்ளி வைத்தேன். முதல் வாரம் தினமும் புள்ளி. நீர் குறைந்ததும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அப்புறம் மூன்று நாள், நான்கு நாள். புண் ஆறுகிறதா என்று தினமும் திறந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை, புள்ளிகளின் இடைவெளி அகலமாகிக்கொண்டே போனது. ஐந்தாவது வாரத்தில் திடீரென்று புள்ளிகள் மறுபடி நெருங்கின. இரண்டு நாளில் இரண்டு முறை நனைந்துவிட்டது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, ஆனால் வலி தெரியாத காலில் வலியில்லை என்பதற்கு என்ன அர்த்தம்? அன்றே கூட்டிக்கொண்டு போனோம். தொற்று ஆரம்பித்திருந்தது, மாத்திரையோடு போயிற்று. இன்னும் ஒரு வாரம் நாள் கணக்கைக் கட்டிக்கொண்டு அழுதிருந்தால் எலும்பு வரை போயிருக்கும் என்றார்கள்.

சர்க்கரைக்காரர்கள் காலுக்கு இந்தப் பதிவைப் பார்த்து யாரும் முடிவெடுக்க வேண்டாம், அதற்கான இடைவெளியைக் காலைப் பார்க்கிறவர்தான் சொல்ல வேண்டும். நான்கு வாரத்தில் புண் பாதியாகக்கூடச் சுருங்கவில்லை என்றால் கட்டை மாற்றிக்கொண்டே இருப்பதை விட்டுவிட்டு வேறு எங்கே பிரச்சினை என்று தேடச் சொல்லிக் கேட்க வேண்டும்: ரத்த ஓட்டமா, சர்க்கரையா, இல்லை அந்தக் குதிகாலையே ஊன்றி நடந்துகொண்டிருக்கிறாரா. அப்பா விஷயத்தில் மூன்றாவது. சிறப்புச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார். எத்தனை நல்ல ஃபோம் ஒட்டினாலும் மேலே முழு உடம்பையும் வைத்து அமுக்கினால் அது என்ன செய்யும்?

யாராக இருந்தாலும், சிவப்பு சுற்றிலும் பரவுகிறது, கோடு மாதிரி மேலே ஏறுகிறது, வலி குறைவதற்குப் பதில் கூடுகிறது, சீழ், காய்ச்சல், குளிர் நடுக்கம் என்றால் அடுத்த கட்டு மாற்றும் நாள் வரை காத்திருக்காமல் உடனே போய்விட வேண்டும்.

பதினோராவது வாரம் பிரித்த கட்டு, ஒட்டியபோது எப்படி இருந்ததோ அப்படியே வந்தது. பேனாக் கோடு போட ஒரு கறைகூட இல்லை. குதிகாலில் பளபளவென்று புதுத் தோல். இனிமேல் கட்டு வேண்டாம், தினமும் பார்த்து, காய்ந்து வெடிக்காமல் கிரீம் தடவினால் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். ஆறிய தோல் ஒருபோதும் பழைய பலத்துக்கு முழுதாக வராது, அதனால் செருப்பு மட்டும் கட்டாயம் என்றார்கள். அப்பாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "சும்மா பாதுகாப்புக்கு ஒண்ணு ஒட்டி விடேன்மா" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார். ஒட்டவில்லை. செருப்பை வாசலிலிருந்து எடுத்துவந்து கட்டிலுக்குக் கீழே வைத்தேன்.